காலியான பின்சீட்டு

எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒருவன் பெரிய வண்டியைக் கொடுத்துவிட்டுச் சின்ன வண்டி வாங்கினால் அதற்கு இரண்டே அர்த்தம்தான். ஒன்று, குடும்பம் நொடித்துவிட்டது. இல்லையென்றால் ஆளுக்கு உடம்பில் ஏதோ பெரிய கோளாறு. மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்று இங்கே ஒருவருக்கும் தோன்றாது. ஃபைபர் படகை விற்றுவிட்டுக் கட்டுமரத்துக்குத் திரும்பியவனை எப்படிப் பார்ப்பார்களோ, அப்படித்தான் என்னைப் பார்த்தார்கள். நூற்றிப்பத்து சிசி வண்டியை வாசலில் நிறுத்திய அன்று பொழுது சாய்வதற்குள் ஏழு பேர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். என் மனைவியின் அண்ணன் கையில் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்.

“டாக்டரு இன்னா சொன்னாரு மாப்ள?”

“எந்த டாக்டரு?”

“எங்கிட்ட மறைக்காத. அம்மாம் பெரிய வண்டிய சும்மா குடுப்பியா நீ?”

“முட்டி வலிக்குது மச்சான். அவ்ளோதான்.”

“முட்டி வலிக்கு யார்னா வண்டிய மாத்துவாங்களா? தைலம் தேச்சா சரியாப் பூடும்.”

பழப் பையை என் மடியில் வைத்தார். என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். கண் கலங்கிப்போய் எழுந்து போய்விட்டார். எனக்கு ஒன்றுமே இல்லை. அந்தப் பழத்தை உரித்துத் தின்றபோது வந்த ஆத்திரத்தில் தோலைத் தெருவில் விட்டெறிந்தேன், அதற்கும் பக்கத்து வீட்டில் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள்.

உண்மையான காரணத்தை இவர்களிடம் எப்படிச் சொல்வது? என் மனைவி என் வண்டியில் ஏற மாட்டேன் என்கிறாள், அவளை ஏற்றுவதற்காகத்தான் இந்தச் சின்ன வண்டி என்று அறுபத்தொரு வயதில் வாய் விட்டுச் சொல்ல முடியுமா? சொன்னால் ஆரஞ்சுப் பழம் வந்திருக்காது. அதைவிட மோசமானது ஏதாவது வந்திருக்கும்.

முப்பத்தைந்து வருடம் கடலுக்குப் போனவன் நான். முட்டி இரண்டும் தேய்ந்த பிறகு படகில் ஏறுவதை விட்டுவிட்டேன். கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறேன். அதற்கு நான்தான் வேண்டும் என்றில்லை, யார் வேண்டுமானாலும் பின்னலாம். நான்தான் செய்ய வேண்டும் என்று மிச்சமிருந்தது ஒரே வேலை. காலையில் படகு கரைக்கு வந்ததும் என் மனைவி மீன் எடுப்பாள். அவளையும் அவளுடைய அலுமினியக் கூடையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பாலம் தாண்டி பழவேற்காடு மார்க்கெட்டில் இறக்கிவிட வேண்டும். மதியம் போய் அழைத்து வர வேண்டும். வீட்டில் அவள் என்னிடம் பேசுவது குறைவு. அடுப்பிடம் பேசுவாள், போனில் மகனிடம் பேசுவாள். வண்டியில் ஏறிவிட்டால் மட்டும் பின்னால் இருந்து நிறுத்தாமல் பேசிக்கொண்டே வருவாள். யார் யாரோடு சண்டை, எவன் வலை அறுந்தது, எந்த வியாபாரி மடவை மீனுக்கு அடிமாட்டு விலை கேட்டான், எல்லாம் என் காதுக்குள் கத்துவாள். “கொஞ்சம் வாய மூடிகினு வாமே, ரோடு தெரியல” என்று நானும் தினமும் எரிந்து விழுவேன். காதால்தான் ரோட்டைப் பார்க்கிறாயா என்பாள்.

பிறகு ஒரு நாள் விழுந்தோம். மழைக்காலம் முடிந்து காற்று மாறும்போது எங்கள் ரோட்டில் மணல் ஏறிக்கொள்ளும். கலங்கரை விளக்கம் தாண்டி ஒரு வளைவு இருக்கிறது, அங்கே கணுக்கால் அளவு மணல் கிடந்தது. நான் வேகமாகப் போகவில்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லியும் ஒருவர்கூட நம்பவில்லை. நடந்து போகிறவன் வேகம்தான். முன் சக்கரம் மணலுக்குள் போய்த் திரும்பிக்கொண்டது. வலது காலை ஊன்றினேன், முட்டி மடங்கிவிட்டது, எருமை மாதிரி கனத்த அந்த வண்டி வலது பக்கமாகச் சாய்ந்தது. ஒருக்களித்து உட்கார்ந்திருந்த மனைவி பின்பக்கமாக விழுந்து கையை ஊன்றிவிட்டாள். மணிக்கட்டில் எலும்பு விரிசல், ஒரு மாதத்துக்கு மேல் மாவுக்கட்டு. கூடையில் இருந்த மீன் முழுக்க மணலில். வண்டியை நிமிர்த்த மூன்று ஆள் வேண்டியிருந்தது.

கட்டுப் பிரித்த மறுநாள் அவள் கூடையோடு ஷேர் ஆட்டோவில் ஏறினாள். நான் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன், அவள் என்னைத் தாண்டிப் போகிறாள்.

“ஏன்மே, வண்டி இங்க நிக்குது, கண்ணு தெரியலயா?”

“வண்டி ஒசரம். ஏற முடியல எனுக்கு.”

இருபது வருடமாக ஏறினாள், அப்போது உயரமில்லை. இருந்தாலும் கை உடைந்தவள் சொல்கிறாள், அதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். எனக்கும் அந்த வண்டியைக் கிளப்ப உதைக்கிற ஒவ்வொரு உதையும் முட்டியில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. ரிவர்ஸ் எடுக்க ஆள் கூப்பிட வேண்டிய நிலைமை. வெளியே சொல்லாமல் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

சரி, மாற்றிவிடுவோம் என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், ஊர் முழுக்க வண்டி நிபுணர்கள் ஆகிவிட்டார்கள். சென்னையில் வேலை பார்க்கும் மகன் போனில் பாடம் எடுத்தான். “ஸ்கூட்டர் வாங்கு நைனா. கீர் இல்ல, செல்ஃப் ஸ்டார்ட். கூடைய கால்கிட்டயே வச்சிக்கலாம்.” அவனுக்கு இந்த ஊரை விட்டுப் போனதும் மணல் மறந்துவிட்டது. அந்தத் தக்கனூண்டு சக்கரம் எங்கள் ரோட்டில் புதைந்தால் எடுப்பதற்கு மண்வெட்டி வேண்டும். மெக்கானிக் வேறு மாதிரி பேசினார். எந்த வண்டி வாங்கினாலும் உப்புக்காற்றில் இரண்டு வருடத்தில் சைலன்சர் உதிர்ந்துவிடும், அதனால் பழையதையே வைத்துக்கொள் என்றார். பழைய வண்டியின் சைலன்சரை நாலு தடவை மாற்றியவர் அவர்தான். அந்த வரும்படி போகிறதே என்ற வருத்தம் அவருக்கு இருக்கத்தானே செய்யும்.

நான் யாரையும் கேட்கவில்லை. என் மனைவி வீட்டில் எந்தக் கட்டிலில் சிரமமில்லாமல் உட்கார்ந்து எழுகிறாள் என்று பார்த்தேன். அவள் இல்லாத நேரத்தில் வலை நூலை எடுத்து, தரையிலிருந்து கட்டில் விளிம்பு வரை பிடித்து ஒரு முடிச்சுப் போட்டேன். அதற்கு மேல் ஒரு சாண் விட்டு இன்னொரு முடிச்சு. இந்த இரண்டு முடிச்சுக்கு நடுவில் சீட்டு இருந்தால் எடுப்பது, இல்லையென்றால் விடுவது. பொன்னேரியில் வண்டிக் கடைக்குள் போய், வரிசையாக நின்ற வண்டிகளின் சீட்டுக்கெல்லாம் நூலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். விற்பனைக்கு நின்ற பெண் பின்னாலேயே வந்தாள்.

“சார், பையனுக்கா?”

“எனக்கு.”

“மைலேஜ் பார்க்கிறீங்களா சார்? இதுல போன்கூட கனெக்ட் பண்ணலாம்.”

“இந்த முடிச்சுக்குக் கீழ வருதான்னு பாரும்மா, போதும்.”

மூன்றாவது வரிசையில் இருந்த ஒன்று வந்தது. ஏறி உட்கார்ந்தேன், இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தது. ஒரு கையால் தள்ளினேன், ஆட்டுக்குட்டி மாதிரி கூடவே வந்தது. எனக்கு அந்த நிமிடமே பிடித்துவிட்டது. ஆனால் இத்தனை வருடம் சின்ன வண்டிக்காரர்களைக் கிண்டல் செய்தவன் நான், அதனால் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்த வண்டியை மனைவி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். மஞ்சள் குங்குமம் வைத்தாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கச் சொன்னாள். சீட்டை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தாள். “நல்லாக் கீது” என்றாள். எனக்கு ஏதோ பரீட்சையில் தேறியது போல இருந்தது. மறுநாள் காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். கூடையைக் கேரியரில் வைத்தாள், கயிறு போட்டு இறுக்கினாள். “ஜாக்கிரதையா எட்த்துகினு வா” என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் போய் ஏறிக்கொண்டாள்.

மீன் என் வண்டியில், மனைவி ஆட்டோவில். இப்படியே இரண்டு வாரம் போனது. முன்னால் அந்த ஆட்டோ, அதன் பின்சீட்டில் என்னைப் பார்த்தபடி அவள், பின்னாலேயே நான், எனக்குப் பின்னால் கேரியரில் கானாங்கெளுத்தி. நடுவில் சீட்டு காலி. பாலத்தில் தூண்டில் போடுகிறவர்கள் தினமும் பார்த்துச் சிரித்தார்கள். பழைய வண்டிக்கு வழி விட்டுக்கொண்டிருந்த தெருநாய்கள் இதைக் கண்டதும் துரத்த ஆரம்பித்தன. சத்தம் மரியாதையாக இல்லை போலிருக்கிறது. நாயைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முன்னால் ஆட்டோவுக்குள் அவள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த சீட்டில் யார் இருந்தாலும் பேசினாள். ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை.

ஒரு மதியம் கிணற்றடியில் அவள் கூடை கழுவிக்கொண்டிருந்தபோது என் பொறுமை அறுந்தது.

“உனுக்கு இன்னாதாம்மே வேணும்? பெருசா கீதுன்ன, சின்னதா வாங்கியாச்சு. இன்னும் சின்னதா வேணும்னா மூணு சக்கர சைக்கிள்தான் கீது, வாங்கட்டா?”

“உன்ன யாரு வாங்கச் சொன்னா?”

“நீதான ஒசரம்ன!”

“நீ கேட்ட. நானும் வாய்க்கு வந்தத ஒன்னு சொன்னேன்.”

கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “அன்னிக்கு வுழுந்தமே. வுழுந்ததும் நீ இன்னா பண்ண?”

“கால ஊனுனேன், முட்டி மடங்கிச்சு. ஆயிரம் வாட்டி சொல்லிட்டேன்.”

“அது வுழறதுக்கு முன்ன. வுழுந்ததும் இன்னா பண்ண?”

நான் யோசித்தேன். அன்றைக்கு விழுந்ததும் எழுந்தேன். இன்ஜினை அணைத்தேன். ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கரையில் நின்றவர்களைக் கூப்பிட்டேன். இரண்டு பேர் ஓடி வந்தார்கள், மூன்று பேருமாகத் தூக்கினோம். முன் விளக்கில் அப்பியிருந்த மணலைத் துண்டால் துடைத்தேன். அதற்கப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன். அவள் மணலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு, சுற்றிலும் மீன் கிடக்க, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். அலை உடைகிற இடத்தில் படகு கவிழ்ந்தால், எங்கள் ஆட்கள் முதலில் பிடிப்பது படகைத்தான். கூட வந்தவனைத் தேடக் கூடாது. அவனுக்கு நீந்தத் தெரியும், மேலே வந்துவிடுவான். படகு கை விட்டுப் போய்விட்டால், மேலே வந்தவனுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. ஒருவன் படகைப் பிடித்துக்கொண்டு குரல் கொடுத்தால் மற்றவர்கள் அந்தக் குரலைப் பார்த்து வந்து சேர்வார்கள். கடலுக்குப் போன முதல் வருடத்திலேயே இது கைக்குள் போய்விடும், அப்புறம் யோசிக்கிற வேலையே கிடையாது. ஐந்தாறு தடவை நான் கவிழ்ந்திருக்கிறேன். என் படகில் ஒருவன்கூடச் சாகவில்லை. எனக்கு அதில் கர்வம் உண்டு, மறைப்பானேன்?

அதை அவளிடம் உரக்கச் சொன்னேன். நான் செய்தது எங்கள் வழக்கம், அதில் தப்பே இல்லை என்று கத்தினேன்.

“தெரியும்யா. எங்க நைனாவும் படகத்தான் மொதல்ல புடிப்பாரு. கடல்ல படகப் புடிச்சா, அதப் புடிச்சிகினு எல்லாரும் பொழைக்கலாம். ரோட்ல வண்டியப் புடிச்சிகினு யாரு பொழைக்கிறது?”

எனக்குக் கோபம்தான் வந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டேன். கரையில் உட்கார்ந்து வலையைப் பின்னினேன், பின்னியதையெல்லாம் தப்பும் தவறுமாகப் பின்னிவிட்டு மறுபடி பிரித்தேன். கை என்னைக் கேட்டா போனது? விழுந்ததும் எது பக்கத்தில் பெரிதாகக் கிடந்ததோ அதைப் பிடித்தது. இந்தக் கையை நான் வெட்டியா போட முடியும்? இப்படியெல்லாம் மனதுக்குள் அவளோடு வாதாடினேன். வாதத்தில் நான்தான் ஜெயித்தேன், ஆனால் மணலில் அவள் உட்கார்ந்திருந்த கோலம் கண்ணை விட்டுப் போகவில்லை. அத்தனை நேரம் அவள் ஒரு வார்த்தை கத்தவில்லை. அதை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து, அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது, கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, “சரி, தப்புதான்” என்றேன். எங்கள் குப்பத்து ஆம்பளை வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்குத் தெரியும்.

“சரி” என்றாள். புடைத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் மறுபடியும் கூடை என் வண்டியில், அவள் ஆட்டோவில்.

“அதான் தப்புன்னு சொல்லிட்டேனே!” என்று தெரு என்றும் பார்க்காமல் கத்தினேன்.

“சொன்னா ஆச்சா?” என்று ஆட்டோவுக்குள்ளிருந்து பதில் வந்தது. உள்ளே இருந்த நான்கு பெண்களும் சிரித்தார்கள். இந்த மனுஷியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? மன்னிப்பு கேட்டால் மரியாதை இல்லை, வண்டி வாங்கினால் ஏறுவதில்லை. வாங்கின வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நானும் அதே ஆட்டோவில் போகலாமா என்றுகூட யோசித்தேன்.

அடுத்த வாரம் பக்கத்து ஊரான தோணிரேவில் ஆட்டோக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். காலையில் ஒரு ஆட்டோவும் ஓடவில்லை. அன்றைக்கென்று பார்த்து நல்ல மடவை வந்திருந்தது. கூடையில் ஐஸ் கரைந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவள் ரோட்டை இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். நான் வண்டியைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் நிறுத்தினேன். கூடையைக் கட்டினாள். பிறகு என்னை முறைத்துவிட்டு ஏறி, எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி உட்கார்ந்து, பின்னால் இருந்த கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் வண்டியை முட்டையைக் கொண்டுபோவது போலக் கொண்டுபோனேன். பாலத்தில் ஒரு சைக்கிள் எங்களை முந்திக்கொண்டு போனது.

“இந்த வேகத்துல போனா மீனு நாறிடும்” என்றாள். வழி முழுக்க அது ஒன்றுதான் பேசினாள்.

மார்க்கெட்டின் பின்பக்கம் எப்போதும் ஐஸ் தண்ணீரும் மீன் செதிலும் சேர்ந்து சேறாகக் கிடக்கும். ஸ்டாண்டு போட்டால் புதைந்துவிடும். அதனால் அவள் இறங்கியதும் நானும் இறங்கி, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கூடையின் கயிற்றை அவிழ்த்து, இழுத்தபடி ஓர் அடி பின்னால் வைத்தாள். செருப்பு வழுக்கியது.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அடுத்தபடி நான் பார்த்தபோது என் இரண்டு கையும் அவளைச் சுற்றி இருந்தது. தடால் என்று பின்னால் ஒரு சத்தம். புது வண்டி சேற்றில் படுத்திருந்தது. வலது கண்ணாடி நொறுங்கிப்போயிருந்தது, மடவை முழுக்கச் சகதிக்குள் கொட்டிக் கிடந்தது. அவள் விழவே இல்லை. ஒரு கால்தான் வழுக்கியது, இன்னொரு கால் கல்லில் திடமாக ஊன்றியிருந்தது. நான் பிடித்திருக்காவிட்டாலும் அவள் நின்றிருப்பாள்.

“யோவ்! இன்னாய்யா இப்டி வுட்டுட்ட? புது வண்டிய்யா! முப்பத்தஞ்சு வருசம் கடலுக்குப் போன ஆளு இப்டியா கைய வுடுவ?”

“நீ வுழப் பாத்தியேமே!”

“நா எங்க வுழுந்தேன்? நல்லாத்தான நிக்கிறேன்! ஐயோ, மீனப் பாரு!”

பிடித்தால் குற்றம், விட்டால் குற்றம். எனக்கு வந்த எரிச்சலில் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். மீன்கார அம்மாக்கள் எல்லாம் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“கைய எடுய்யா, எல்லாரும் பாக்கறாங்கோ” என்றாள் மெதுவாக. அப்போதுதான் நான் இன்னும் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது.

மதியம் நான் போனபோது கல்யாணம் முடிந்து ஆட்டோக்கள் திரும்பியிருந்தன. குப்பத்துக்குப் போகிற ஆட்டோ ஒன்று ஆள் கூப்பிட்டுக்கொண்டே நின்றது. அவள் காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதைத் தாண்டி நேராக என்னிடம் வந்தாள். கண்ணாடி இல்லாத கம்பியைப் பார்த்ததும் காலையில் விட்ட இடத்திலிருந்து திட்ட ஆரம்பித்தாள். திட்டிக்கொண்டே கூடையைக் கட்டினாள், திட்டிக்கொண்டே ஏறினாள். ஒரு கை என் தோளில் வந்து அழுத்தமாக உட்கார்ந்தது.

“இன்னும் இன்னா பாத்துகினு கீற? எடு வண்டிய.”